மலபார் முனையின் பாறைப் பிளவு

சென்ற குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் காலனியைச் சேர்ந்த ஐந்தாறு குடும்பத்தார் ஒன்றுகூடி வாலுகேசுவரத்திற்குச் சென்றோம். மும்பையில் முப்பது நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தும் அவ்விடத்தைக் காணாதவர் நம்முள் பலர். மலபார்க் குன்று என்றவுடன் செல்வர் மாளிகைகளும் தொங்கு தோட்டமும் நினைவுக்கு வருமேயன்றி, அக்குன்றின் மேற்குச் சரிவில் கடலுக்குக் கூப்பிடு தொலைவில் நன்னீர் சுரக்கும் பாணகங்கைத் திருக்குளம் இருப்பதை எண்ணுவார் அரியர். நாற்புறமும் கருங்கற்படி அமைந்த அக்குளத்தைச் சுற்றிக் கோயில்களும் மடங்களும் நெருங்கி நிற்பதைக் கண்டதும் எங்களுடன் வந்திருந்த முதியோர்க்குத் தம் ஊரே முன்வந்து நின்றாற்போல இருந்தது. குளத்தின் வாயிலில் நிற்கும் விளக்குத் தூண்களைக் கடந்து, குறுகிய சந்து ஒன்றின் வழியாகக் கடற்கரைப் பாறைகளுக்கு இறங்கினோம்.

அங்கிருந்து தெற்கே நோக்கினால் குன்று கடலுக்குள் மூக்கு நீட்டுவது தெரியும். அம்மூக்குக்கு மலபார் முனை என்று பெயர். இன்று மராட்டிய மாநில ஆளுநரின் மாளிகை அதன்மேல் நிற்கிறது. “அம்முனையின் கடைசிப் பாறைகளில் பிளவு ஒன்று உண்டு. அதனுள் நுழைந்து வெளிவந்தால் செய்த பாவம் தீரும் என்று முற்காலத்தவர் நம்பினர். மன்னரும் மாலுமியரும் அதில் நுழைந்தனர் என்று கூறுவர்” என்று நாம் சொன்னோம். அதைக் கேட்ட பாட்டியம்மாள் ஒருவர், “ஏன் தம்பி, நம்ம திருவண்ணாமலை இடுக்குப் பிள்ளையார் மாதிரியா?” என்று வினவினார். அவ்வினா மிக நல்ல வினா. அதற்கு அன்று கடற்காற்றில் நின்றுகொண்டு முழு விடை கூற இயலவில்லை. ஆண்டு மலரில் எழுதுவதாக வாக்களித்துத் தப்பினோம். அவ்வாக்கை இங்கே நிறைவேற்றுகிறோம்.

முதலில் பாறையைப் பற்றி ஒரு சொல். மும்பைத் தீவின் மேற்கு விளிம்பில் மலபார்க் குன்றிலிருந்து வர்ளி வரை ஓடும் மேடு, பல கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணம் முழுவதும் பொங்கி வழிந்த எரிமலைக் குழம்பு உறைந்து ஆனது. கருநிறமான அக்கல், குழம்பு நிலையிலிருந்து குளிரும்போது சுருங்கிற்று. சுருங்கும்போது நெடுக்காகவும் குறுக்காகவும் வெடித்தது. ஈரக் களிமண் தரை வெயிலில் வெடிப்பது போன்றதே இது. அவ்வெடிப்புகளில் கடலலை புகுந்து, ஒவ்வொரு மழைக்காலத்திலும் சிறிது சிறிதாகக் கல்லைத் தகர்த்து அகலப்படுத்துகிறது. மும்பைக் கடலில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையே ஏறத்தாழ 4 மீட்டர் வேறுபாடு உண்டாதலால், ஒரு வேளை மூழ்கியிருக்கும் பாறை மறுவேளை நடக்கும் தரையாகிறது. ஆகவே இக்கரையில் பாறைப் பிளவுகளுக்குக் குறைவில்லை. அவற்றுள் ஒன்று மட்டும் திருத்தலம் ஆனது. ஏனையவை நண்டுகளுக்கு வீடாயின.

அத்தலத்திற்கு ஸ்ரீகுண்டி என்று பெயர். இப்பெயரின் ககரத்தை மராட்டியர் மெல்லோசையாக ஒலிப்பர். தமிழெழுத்தில் எழுதிக் காட்டினால் நம் வீட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு மேலே படிக்கட்டும். பம்பாய் நகர கெசட்டியர் இதற்கு நற்பேறு தரும் கல் என்று பொருள் கூறுகிறது. கன்னடத்தில் இதே ஒலியுள்ள சொல் குழியைக் குறிக்கும் என்பது உண்மை. ஆயினும் ஒலி ஒத்திருப்பது கொண்டே உறவு கற்பித்தல் நமக்கு உடன்பாடன்று. அவ்வகைக் கற்பனையின் கேடு பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

இன்றைய நகரம் ஏழு தீவுகளாகக் கிடந்த நாளில் மலபார்க் குன்று அடர்ந்த காடு. யாத்திரிகர் சௌபாட்டிப் பக்கத்திலிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் ஏறி, காட்டைக் கடந்து, மேற்குச் சரிவில் இறங்கி வாலுகேசுவரத்தை அடைந்தனர். ஏறும் அவ்வழிக்குச் சீரி ரோடு என்ற பெயர் நின்றுவிட்டது. ஏணி என்னும் பொருளுடைய ‘சிடி’ என்ற மராட்டிச் சொல்லே ஆங்கிலேயர் வாயில் சீரி ஆயிற்று என்பர். ஏணி போன்ற வழியில் ஏறி மறுபுறம் பாறை வழியில் இறங்கியவர், குளத்தில் நீராடி, இறைவனை வணங்கி, பிறகு கரையோரமாக முனைக்குச் சென்று பிளவில் நுழைந்தனர். மலை, சுனை, கோயில், கடல் ஆகிய நான்கும் ஒரே நாளில் வாய்க்கும் யாத்திரை அது.

வாலுகேசுவரர் என்றால் மணலின் இறைவர் என்று பொருள். சீதையைத் தேடி வந்த இராமபிரான் இங்கே தங்கினார், வழிபாட்டிற்கு இலிங்கம் கொணருமாறு இலக்குவனைக் காசிக்கு அனுப்பினார், அவர் வரத் தாழ்த்ததால் கடல் மணலையே இலிங்கமாகப் பிடித்து வழிபட்டார், தாகம் எடுத்தபோது அம்பெய்து நீர் வருவித்தார், அந்நீரே பாணகங்கை. இதுவே தலவரலாறு. இராமேசுவரத்தில் அனுமன் வரத் தாழ்த்ததும் சீதாபிராட்டி மணலால் இலிங்கம் அமைத்ததும் அறிந்த நமக்கு இக்கதை புதிதன்று. மேலைக்கடற்கரையில் ஒரு மணல் இலிங்கம், கீழைக்கடற்கரையில் ஒரு மணல் இலிங்கம். இரண்டிலும் இலிங்கம் கொணரச் சென்றவர் காலந்தாழ்த்தே வருகின்றனர். மும்பையில் பேருந்துக்குக் காத்து நிற்போர் இதனை எளிதில் நம்புவர்.

வாலுகேசுவரத்தின் பழங்கோயில் வட கொங்கணத்தை ஆண்ட சிலாகார மன்னர் காலத்தது என்பர். 1534-ஆம் ஆண்டில் குஜராத்துச் சுல்தான் பகதூர் ஷா செய்த உடன்படிக்கையால் இத்தீவுகள் போர்த்துக்கீசியர் கைக்குச் சென்றன. அவர் காலத்தில் கோயில் அழிந்தது. அந்நியர் வருகையைக் கண்ட மணல் இலிங்கம் தானே எழுந்து கடலில் குதித்து மறைந்தது என்று மக்கள் சொல்லிக் கொண்டனர். இடிப்பவனைத் தடுக்க ஆற்றல் இல்லாத எளிய மக்கள், தம் இறைவன் பிறர் கையில் சிக்கவில்லை என்று தமக்குத் தாமே கூறிக்கொண்ட ஆறுதல் அது.

1661-ஆம் ஆண்டின் திருமண உடன்படிக்கையால் பம்பாய் ஆங்கில மன்னருக்குச் சீதனமாயிற்று; 1668-ஆம் ஆண்டில் ஆண்டுக்குப் பத்துப் பவுன் குத்தகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வந்தது. சில ஆண்டுகள் கழித்து இங்கு வந்த ஜான் பிரையர் என்னும் ஆங்கில மருத்துவர், 1698-ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் மலபார்க் குன்றை விவரிக்கிறார். பாறையும் மரமும் நிறைந்த குன்று. உச்சியில் பார்சியர் புதிதாக எழுப்பிய ஈமக் கட்டடம். கடலை நோக்கிய சரிவில் மிகப் பெரிய கோயில் ஒன்றின் சிதைவு. அதன் அருகே ஒரு நன்னீர்க் குளம். அக்குளத்திற்காகவே பெரிதும் ‘மலபாரிகள்’ அங்கு வந்தனர் என்கிறார் அவர்.

இந்த ‘மலபாரிகள்’ யாவர்? நம் சங்கத்தின் பழைய உறுப்பினர் சிலர், “அவர்கள் தமிழரே, ஆகவே இந்நகரின் தலைசிறந்த குன்று தமிழர் பெயரால் வழங்குகிறது” என்று மேடைதோறும் கூறிவந்ததை நாம் கேட்டிருக்கிறோம். அவ்வாறு கூறியதற்கு ஒரு காரணமும் உண்டு. 1966-ஆம் ஆண்டிலும் அதனை அடுத்த ஆண்டுகளிலும், தென்னாட்டிலிருந்து வந்தோர் இந்நகரின் வேலைகளைக் கவர்ந்து கொண்டனர் என்ற குரல் ஓங்கியபோது, நம்மவர் கடைகளும் உணவு விடுதிகளும் அஞ்சி வாழ்ந்த காலம் ஒன்று இருந்தது. அந்நாளில், “நாங்கள் நேற்று வந்தவரல்லர்; முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கு நீராடியவர்” என்று சொல்லிக்கொள்ள ஒரு சான்று கிடைத்தால் யார்தான் விடுவர்?

அக்கூற்றுக்குச் சிறிது அடிப்படையும் இல்லாமல் இல்லை. ஐரோப்பியர் வாயில் மலபார் என்ற சொல் வெகு காலம் தமிழையும் குறித்தது. 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் தமிழ்ப் புத்தகம் தன் மொழியை மலபார்த் தமிழ் என்றே குறிக்கிறது. தரங்கம்பாடிக்கு 1706-ஆம் ஆண்டில் வந்த சீகன்பால்கு தம்மைச் சூழ்ந்த தமிழரை மலபாரியர் என்றே எழுதினார். இலங்கையில் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் தமிழரை அப்பெயரால் அழைத்தனர். இரியூனியன் தீவில் குடியேறிய தமிழரின் வழித்தோன்றல்களுக்கு இன்றும் ‘மல்பார்’ என்பதே பெயர்.

ஆயினும் பம்பாய்க் குன்றின் செய்தி வேறு. மேலைக்கடலில் வடக்கு நோக்கி வந்த கப்பல்கள் கேரளக் கரையிலிருந்தே பெரும்பாலும் வந்தன. அக்கப்பல்களின் மாலுமியரும் வணிகரும், சிலர் கூற்றின்படி கடற்கொள்ளையரும், இம்முனையின் மறைவில் நங்கூரமிட்டு நன்னீர் முகந்து, குளத்தில் நீராடிச் சென்றனர் என்பதே பொருத்தமான விளக்கம். பெயருக்கு உரியவர் மலையாளக் கரையினர் என்று கொள்வதே நேர்மை. அவருள் தமிழ் பேசினோர் சிலரும் இருந்திருக்கலாம் என்பதற்கு மேல் ஒரு சொல்லும் கூற நமக்கு உரிமை இல்லை. நம் பெரியோர் அச்சத்தில் சொன்னதை நாம் இன்று பெருமைக்காகச் சொல்லலாகாது. ஓர் ஊரில் வாழும் உரிமை அங்கே உழைப்பதனால் வருவது. குன்றின் பெயரால் வருவதன்று. தாராவியில் தோல் பதனிட்ட திருநெல்வேலியாரும் மாதுங்காவிலிருந்து நாள்தோறும் இரயிலேறி அலுவலகம் சென்ற எழுத்தரும் அவ்வுரிமையை ஈட்டிக் கொடுத்துவிட்டுப் போயினர்.

இனிப் பிளவுக்கு வருவோம். அதனை விரிவாக எழுதி வைத்தவர் எட்வர்டு மூர். கம்பெனியின் பம்பாய்ப் படையில் பணியாற்றிய இவர் 1810-ஆம் ஆண்டில் இந்து தெய்வங்களைப் பற்றிப் பெருநூல் ஒன்று வெளியிட்டார். மலபார் முனையின் கடைக்கோடியில் பிளந்த பாறை ஒன்று இருக்கிறது. அது தாய்மையின் வாயிலுக்கு ஒப்பாகக் கருதப்படுகிறது. மறுபிறவி எய்தும் பொருட்டு யாத்திரிகர் அதனுள் நுழைந்து வெளிவருகின்றனர். பாறைகளுக்கு நடுவே எளிதில் அணுக இயலாத இடத்தில் அது உள்ளது. மழைக்காலத்தில் ஓயாது அலை மோதுகிறது. இவை அவர் தரும் செய்திகள். அருகே சிதைந்து கிடந்த கோயிற் கற்கள் வெடிமருந்து வைத்துத் தகர்க்கப்பட்டவை போலத் தோன்றின என்றும் குறிப்பிடுகிறார்.

பாட்டியம்மாளின் வினாவிற்கு இங்கே விடை கிடைக்கிறது. ஆம், இரண்டும் ஒரே கருத்துடையவை. திருவண்ணாமலையில் மலையை வலம் வருவோர், குபேரலிங்கத்திற்கு அண்மையில் உள்ள சிறு கட்டடத்தில் ஒருக்களித்துப் படுத்து ஊர்ந்து வெளிவருவர். மீண்டும் கருவில் வாராதிருக்க இது வழி என்பர். ஆனால் இடுக்குப் பிள்ளையார் கோயில் மனிதர் கட்டியது. ஸ்ரீகுண்டி கடல் செய்தது. இதற்கு இன்னும் நெருங்கிய உறவு கேரளத்தில் உண்டு. திருச்சூர் மாவட்டத்துத் திருவில்வாமலையில் புனர்ஜனி என்னும் இயற்கைக் குகை இருக்கிறது. கார்த்திகை மாதத்துக் குருவாயூர் ஏகாதசியன்று ஆடவர் நூற்றுக்கணக்கில் வரிசையாக அதனுள் புகுந்து, இருளில் தவழ்ந்தும் மல்லாந்து நகர்ந்தும் மறுபுறம் வெளிவருகின்றனர். மலையாளக் கரையிலிருந்து பாய்மரக் கப்பலில் வந்தவன் பம்பாய் முனையில் இப்பிளவைக் கண்டபோது, அதன் பயன் என்னவென்று அவனுக்கு எவரும் விளக்க வேண்டியிருந்திராது.

அரசர்கள் இதனையே பொன்னால் செய்தனர். பொற்பாத்திரத்துள் புகுந்து வெளிப்பட்டு மறுபிறவி எய்தும் சடங்கிற்கு இரணிய கர்ப்பம் என்று பெயர். பாண்டியரின் வேள்விக்குடிச் செப்பேடு அதனைக் கூறுகிறது. முதலாம் இராசராசனின் தேவி திருவிசலூரில் அதனைச் செய்தார். சேதுபதி மன்னர்கள் அதனைத் தம் விருதுப் பெயராகவே கொண்டனர். திருவிதாங்கூர் வேந்தரும் அரியணைக்கு உரிமை பெற அதனை இயற்றினர். பொன் இல்லாத ஏழைக்குப் பாறை. அதற்குச் செலவு ஏதும் இல்லை. முழங்கால் சிராய்ப்பு ஒன்றே காணிக்கை.

ஸ்ரீகுண்டியில் நுழைந்தவர் என்று மூவர் பெயர் வழங்குகிறது. முதல்வர் சத்திரபதி சிவாஜி. பகைவர் கண்ணில் பட்டால் உயிருக்கு இறுதி என்ற நிலையிலும் அவர் மறைவாகப் பம்பாய்த் தீவிற்கு வந்து இப்பிளவில் நுழைந்து சென்றார் என்ற செவிவழிச் செய்தியை மூர் பதிந்துள்ளார். இதற்கு அக்கால ஆவணச் சான்று இருப்பதாக நாம் கண்டதில்லை. 1674-ஆம் ஆண்டில் சிவாஜி முடிசூடியபோது கம்பெனி தன் தூதரை அனுப்பி உடன்படிக்கை செய்துகொண்டது. ஆனால் அதே ஆண்டுகளில் அவருடைய பெரும்பகைவரான ஜஞ்சிராச் சித்திகளின் கப்பல்கள் மழைக்காலத்தில் மசகாவில் தங்கின. 1679-ஆம் ஆண்டில் பம்பாய்த் துறைமுகத்தின் வாயிலில் உள்ள காந்தேரித் தீவில் சிவாஜி கோட்டை எழுப்பத் தொடங்கியதும் ஆங்கிலேயருடன் போரே மூண்டது. ஆகவே அவர் வந்திருந்தால் மறைந்தே வந்திருக்க வேண்டும் என்பது உண்மை. வந்தார் என்பதற்கு அது சான்றாகாது. கதை பிறந்த காரணம் மட்டும் தெளிவு. தம் வீரர் அந்நியன் காவலுக்கு நடுவே வந்து தம் பாறையைத் தொட்டுச் சென்றார் என்று நினைக்க மக்கள் விரும்பினர்.

இரண்டாமவர் மராட்டியக் கடற்படைத் தலைவர் கானோஜி ஆங்கிரே. 1729-ஆம் ஆண்டில் மறைந்த இவர் வாழ்நாளெல்லாம் ஆங்கிலேயருக்குச் சிம்ம சொப்பனமாக இருந்தார். இவரும் ஸ்ரீகுண்டிக்கு வந்து சென்றார் என்பர். இக்கதையையும் நாம் உறுதியாகக் கூற முடியாது. ஆனால் ஆங்கிரேயின் பெயரோடு இக்கரையின் வரலாற்றில் பிணைந்த ஒரு மெய்யான துயரம் உண்டு. அதனைச் சற்று விரித்தே கூறவேண்டும்.

பம்பாயில் இராமா காமத்தி என்னும் கௌட சாரசுவத அந்தணர் ஒருவர் இருந்தார். பெருவணிகர், கம்பெனிக்கு நெடுங்காலம் துணைநின்றவர், அதன் சுதேசி வீரர்களுக்குத் தலைமை தாங்கியவர். போர்த்துக்கீசியர் காலத்தில் அழிந்த வாலுகேசுவரர் கோயிலையும் பாணகங்கைக் குளத்தையும் 1715-ஆம் ஆண்டளவில் தம் பொருளால் மீண்டும் எழுப்பியவர் அவரே. இன்று நாம் கால் நனைக்கும் அப்படிக்கட்டுகள் அவருடைய கொடையின் வழிவந்தவை. 1718-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் கோட்டைக்குள் ஆங்கிலேயரின் புதிய ஆலயம் திறக்கப்பட்டபோது, இராமா காமத்தி தம் இனத்தாருடன் வெளியே நின்று வழிபாட்டைக் கேட்டு மகிழ்ந்தார் என்று அவ்வாலயத்தின் குருவே எழுதியிருக்கிறார். தம் கோயிலைப் புதுப்பித்தவர் பிறர் கோயில் வாயிலிலும் மதிப்போடு நின்றார்.

அதே 1718-ஆம் ஆண்டில் கவர்னர் சார்லஸ் பூன் காந்தேரித் தீவின்மீது தொடுத்த படையெடுப்பு தோல்வியுற்றது. தோல்விக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. இராமா காமத்தி ஆங்கிரேயுடன் மறைவாகக் கடிதப் போக்குவரத்து நடத்தினார் என்று குற்றம் சாட்டினர். அவருடைய கணக்கரைத் துன்புறுத்தி வாக்குமூலம் பெற்றனர். கடிதங்கள் காட்டப்பட்டன, முத்திரை காட்டப்பட்டது. 1720-ஆம் ஆண்டில் அவருக்கு ஆயுள் சிறை விதிக்கப்பட்டது. சொத்துக்கள் பறிமுதல் ஆயின. 1728-ஆம் ஆண்டில் சிறையிலேயே இறந்தார். சான்றாகக் காட்டிய கடிதங்கள் போலியானவை என்பதே பின்வந்த ஆராய்ச்சியாளரின் கருத்து. எட்டு ஆண்டுகள் சிறையில் வாடிய அவருக்குத் தாம் எழுப்பிய கோயிலின் மணியோசை கேட்டிராது. பாவம் தீர்க்கும் பாறையை இத்தலத்தில் வைத்த விதி, பாவமே செய்யாதவருக்கு ஏதும் வைக்கவில்லை. பாணகங்கைக்குச் செல்வோர் சிவாஜி கதையைக் கூறுவது போல இவர் கதையையும் தம் பிள்ளைகளுக்குக் கூறலாம். இதற்குச் சான்று உண்டு.

மூன்றாமவர் பேஷ்வா மரபில் வந்த இரகுநாதராவ். ரகோபா என்று வரலாறு சுருக்கி அழைக்கும் இவர் 1773-ஆம் ஆண்டில் தம் அண்ணன் மகன் நாராயணராவ் புனே அரண்மனையில் வெட்டுண்டு இறந்ததற்குக் காரணமானவர் என்று பழிக்கப்பட்டவர். நீதிபதி இராம சாஸ்திரி அவர் முகத்திற்கு நேரே அக்குற்றத்தை உரைத்தார். பதவி இழந்து, 1775-ஆம் ஆண்டில் சூரத்தில் ஆங்கிலேயரோடு உடன்பட்டு, அவர்தம் நிழலில் பம்பாயில் தங்கியிருந்த காலத்தில், இவர் ஸ்ரீகுண்டியில் நுழைந்து வெளிவருவதை வழக்கமாகக் கொண்டிருந்தார் என்பர். மூவருள் நம்புதற்கு மிகவும் உரியது இதுவே. அவர் இத்தீவில் வாழ்ந்தது மெய். கழுவவேண்டிய கறை இருந்ததும் மெய். ஒருமுறை நுழைந்தால் போதும் என்பது நம்பிக்கை. அவர் பலமுறை நுழைந்தார் என்பதிலிருந்து அவர் உள்ளத்தை ஒருவாறு ஊகிக்கலாம்.

ரகோபா தம் வழக்கை எடுத்துரைக்க இங்கிலாந்துக்குத் தூதரையும் அனுப்பினார். 1781-ஆம் ஆண்டில் அங்கிருந்த அத்தூதருள் ஹனுமந்தராவ் என்னும் அந்தணரும் மணியார் என்னும் பார்சியரும் இருந்தனர். அந்நிய நாட்டில் சமைக்கவும் நீராடவும் வழியின்றித் தவித்த அந்தணருக்கு, நாடாளுமன்றப் பேச்சாளர் எட்மண்டு பர்க் தம் நாட்டுப்புற இல்லத்தின் தோட்டக் கட்டடத்தை ஒழித்துக் கொடுத்து ஆசாரம் கெடாமல் காத்தார். கடல் கடந்து மீண்ட தூதரைச் சாதியார் ஏற்கவில்லை என்றும், பொன்னால் செய்த வாயில் ஒன்றினுள் புகுந்து வெளிவந்த பின்னரே ஏற்றனர் என்றும் வில்போர்டு என்பார் ‘ஆசியாட்டிக் ரிசர்ச்சஸ்’ என்னும் ஆராய்ச்சித் தொகுதியில் எழுதினார். வில்போர்டு தம் பண்டிதரால் ஏமாற்றப்பட்டுப் பல பிழைகளை எழுதியவர் என்பதால் இதனைச் சற்று ஒதுங்கி நின்றே கேட்கவேண்டும். ஆனால் கடல் தாண்டியவனுக்குக் கழுவாய் விதிக்கும் மனப்பான்மை பொய்யன்று. நம் பாட்டன்மார் காலத்திலும் இரங்கூனுக்கும் இலண்டனுக்கும் சென்று வந்தோர் இதற்கு உட்பட்டதுண்டு.

பிறகு பாறைக்கு வேறு காலம் வந்தது. மவுண்ட்ஸ்டூவர்ட் எல்பின்ஸ்டன் 1819 முதல் 1827 வரை கவர்னராக இருந்தபோது மலபார் முனையில் பங்களா எழுப்பினார். கடற்காற்றுக்காகக் கவர்னர்கள் அங்கே தங்கத் தொடங்கினர். பரேலில் இருந்த அரசு மாளிகையில் 1882-ஆம் ஆண்டில் கவர்னர் பெர்கூசனின் மனைவியார் வாந்திபேதியால் இறந்தபின் அவ்விடம் வெறுக்கப்பட்டது. 1885-ஆம் ஆண்டில் மலபார் முனையே கவர்னரின் நிலையான இருப்பிடமாயிற்று. யாத்திரிகர் விரும்பியபோது இறங்கிய பாறை வழி காவல் உள்ள வளாகத்துள் அடங்கியது. இந்தியா விடுதலை பெற்றபின் அதே மாளிகை ராஜ்பவன் ஆயிற்று. வளாகத்தினுள் கடலை நோக்கியவாறு ஸ்ரீகுண்டி தேவிக்குச் சிறு கோயில் ஒன்று உண்டு. 2016-ஆம் ஆண்டில் அம்மாளிகையின் அடியில் பிரிட்டிஷார் காலத்துச் சுரங்க அறைகள் வெளிப்பட்டபோது நாடெங்கும் செய்தித்தாள்கள் வியந்து எழுதின. பாறையைப் பற்றி ஒருவரும் எழுதக் காணோம். காவலர் நிற்கும் இடத்தில் கண்டபடி நுழைய இயலாது என்பதை ஒப்புகிறோம். எனினும் ஆண்டுக்கு ஒரு நாளேனும் முறையாக அனுமதி பெற்று, நகரத்தார் அம்முனைப் பாறைகள் வரை இறங்கிப் பார்த்துவர வழி செய்தல் கூடாதா என்று கேட்பது தவறாகாது. நம் சங்கமும் மற்ற மொழிச் சங்கங்களோடு சேர்ந்து இவ்வேண்டுகோளை எழுத்து மூலம் விடுக்கலாம். செயற்குழுவினர் கவனிப்பார்களாக.

அந்த ஞாயிற்றுக்கிழமையின் எஞ்சிய செய்தியையும் சொல்லிவிடுவோம். முனைக்குச் செல்ல இயலாமையால், குளத்திற்குக் கீழ்ப்பட்ட கரையிலேயே பாறைகளினூடே இயற்கையாக அமைந்த ஒரு வெடிப்பின் வழியாக நீர்மட்டம் வரை இறங்கிப் பார்த்தோம். ஒருவர் பின் ஒருவராகவே செல்லக்கூடிய வழி. இருபுறமும் தோள் உரசிற்று. காலடியில் பாசி, எட்டிய இடமெல்லாம் கூரான சிப்பி. சிறுவர் ஆடுபோல் தாவிச் சென்றனர். நடுவயதினராகிய நாங்கள் செருப்பைக் கையிலெடுத்துக்கொண்டு, வயிற்றை உள்ளிழுத்து, சுவரைப் பற்றியவாறு இறங்கினோம். வங்கி அதிகாரியாக ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர் பாதிவழியில் சிக்கிக்கொண்டு முன்னும் போகாமல் பின்னும் வாராமல் நின்றதைக் கண்டு அவர் மனைவியார், “அவ்வளவு பாவமா!” என்று கேட்க, பாறைகளும் சேர்ந்து சிரித்தன. கீழே மூன்று நான்கு பேர் நிற்கும் அளவுக்கு ஒரு தட்டைக் கல். அதன் விளிம்பில் நின்றபோது எதிரே கடலும் இடப்புறம் தொலைவில் ராஜ்பவனின் மரங்களும் தெரிந்தன. கடல் ஏறத் தொடங்கியிருந்தது.

பாட்டியம்மாள் இறங்கவில்லை. வெடிப்பின் வாயிலில் அமர்ந்து, ஈரப் பாறையில் உள்ளங்கையை வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நாங்கள் ஏறி வந்ததும், “எல்லாரும் வந்தாச்சா? எண்ணிப் பாருங்க” என்றார். எண்ணினோம். பதினேழு பேரும் இருந்தோம். சந்து வழியே மேலேறிச் சென்று, பாணகங்கையில் கால் கழுவிக்கொண்டு, பேருந்து நிறுத்தத்திற்கு நடந்தோம்.